கதவு மெஷின் சொன்னது

அந்த வருடம் எங்கள் வீட்டில் டிவி கர்ரென்று இரைந்தால் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொள்வோம். அண்ணனின் செல்போனுக்கு அழைப்பு வருவதற்குச் சற்று முன்னால் டிவியின் ஸ்பீக்கர் அப்படி இரையும். வீட்டில் டிவியின் தலைமேல் மட்டும்தான் டவர் கிடைத்தது என்பதால் போன் எப்போதும் அங்கேயே கிடக்கும். துபாய்க்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட், "விசா வந்ததும் போன் பண்ணுவேன் தம்பி, மறுநாளே கெளம்புற மாதிரி பெட்டியக் கட்டி வெச்சிருங்க" என்று சொல்லியிருந்தார். பெட்டி கட்டியாகிவிட்டது. ஆனால் அப்பாவும் அண்ணனும் முகம் கொடுத்துப் பேசிப் பல மாதம் ஆகியிருந்தது. அந்த போன் வருவதற்குள் அவர்கள் பேசியாக வேண்டும். பேசாமலே விமானம் ஏறிவிட்டால், அங்கிருந்து அவன் கூப்பிட்டாலும் அப்பாவை விசாரிக்க மாட்டான், அப்பாவும் போனைக் கையில் வாங்க மாட்டார். இரண்டும் ஒரே பிடிவாதம். இப்படியே வருடக்கணக்கில் போய்விடும் என்று அம்மா பயந்தாள். எனக்கும் அந்தப் பயம்தான், கூடவே இரண்டு பேர் மேலும் பொல்லாத கோபம்.

அப்பா அரியலூரில் ரயில்வே கேட்கீப்பர். சுண்ணாம்புக்கல் லாரியும் கரும்பு டிராக்டரும் டவுன் பஸ்ஸும் வரிசையாக வந்து நிற்கிற கேட் அது. கேட் மூடியிருந்தால் ஜனங்கள் ரயிலைத் திட்ட மாட்டார்கள், கேட்கீப்பரைத்தான் திட்டுவார்கள். "யோவ், வண்டி எங்கயோ வருது, அதுக்குள்ள சாத்திட்டு நிக்கிறியே" என்று ஆரம்பித்து, குலம் கோத்திரம் வரைக்கும் போவார்கள். அப்பா பதிலுக்கு ஒரு வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை. அங்கே பேசாததையெல்லாம் வீட்டுக்கு வந்து எங்களிடம் பேசுவார்.

அந்த கேட்டில் தினமும் வந்து நிற்கும் ஜீப்புகளில் ஒன்று ஒரு சிமென்ட் ஆலை அதிகாரியுடையது. அண்ணன் டிப்ளமோ முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருந்த நாளில், அப்பா கேட்டைத் திறந்த கையோடு அந்த ஜீப்புக்கு முன்னால் போய் நின்றார். பின்னால் லாரிகள் ஹாரன் அடித்துக் கத்த, நடுரோட்டில் இரண்டு கையையும் கூப்பி, பையனுக்கு ஒரு வேலை போட்டுக் கொடுங்கள் என்று கேட்டார். வேலையும் கிடைத்தது. அண்ணன் அதில் ஒரு மாதம்கூட நிற்கவில்லை. ஒரு மத்தியானம் சாப்பிடாத டிபன் பாக்ஸோடு திரும்பி வந்தான். ஏன்டா என்றதற்கு "புடிக்கல" என்று ஒரே சொல்.

"நான் நடுரோட்டுல நின்னு கும்புட்டு வாங்கின வேல. தொரைக்குப் புடிக்கலயா? இனிமே என் மூஞ்சில முழிக்காத" என்றார் அப்பா. கோபத்தில் எல்லா அப்பாவும் சொல்கிற வார்த்தைதான். அண்ணன் அதை அப்படியே எடுத்துக்கொண்டான். முதல் சில வாரம், அப்பா கூடத்துக்கு வந்தால் இவன் கொல்லைப்பக்கம் போய்விடுவான்.

காரணத்தை அவன் சொன்னது என்னிடம் மட்டும்தான். அப்போது நான் பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் பி.ஏ. இங்கிலீஷ் படித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் அங்கேயே பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் சிநேகிதன் நடத்திய சிடி கடையில் உட்கார ஆரம்பித்திருந்தான். காலையில் இரண்டு பேருக்கும் ஒரே பஸ். ஒரு நாள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னான்.

"அந்த ஆபீசரு, டீ டயத்துல எல்லாரையும் வெச்சுகிட்டு, அப்பா கும்புட்டத நடிச்சுக் காட்டுவாரு. குனிஞ்சு, கைய ஆட்டிகிட்டு, 'சார் சார் எம்பையன் சார்'னு. எல்லாவனும் சிரிப்பானுங்க. என்னையும் சிரிடாம்பாரு. டெய்லி."

"இத அப்பாகிட்ட சொல்லலாம்ல?"

"சொன்னா அந்த மனுசன் உள்ளுக்குள்ளயே செத்துருவாரு. நீயும் சொல்லக் கூடாது. அம்மா மேல சத்தியம் பண்ணு."

பண்ணித் தொலைத்தேன். இப்படி ஒரு சத்தியத்தை யாரும் யார் தலையிலும் கட்டக் கூடாது என்று இப்போதும் நினைக்கிறேன்.

எங்கள் ஊர்ப்பக்கத்து வீடுகளில் பேச்சு நின்றால் காரியம் நிற்காது. நடுவில் ஒரு ஆள் அகப்படுவார், அவரை வைத்து எல்லாம் நடக்கும். எங்கள் வீட்டில் நான் அகப்பட்டேன். அண்ணன் கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருப்பான். அப்பா என்னைப் பார்த்து, "மோட்டாரப் போடச் சொல்லும்மா" என்பார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் போய் மோட்டாரைப் போட்டிருப்பான். "தண்ணி நெறஞ்சிருச்சுன்னு சொல்லு" என்று அவனும் என்னிடமே சொல்வான். சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, ஆனால் நான் அங்கே நிற்க வேண்டும். நான் இல்லாத நேரத்தில் அம்மா நிற்க வேண்டும்.

இந்த லட்சணத்தில்தான் அந்த டிஸ்க்குகள் வீட்டுக்கு வந்தன. சிடி கடையில் புதுப் படத்துக்குத்தான் கூட்டம். எப்போதோ எடுத்துப் போட்ட இங்கிலீஷ் கார்ட்டூன் செட் ஒன்றை யாரும் தொடவே இல்லையாம். "இந்த ஊருல இத எவன் பாப்பான், தூக்கிட்டுப் போ" என்று சிநேகிதன் கொடுத்துவிட்டான். கடையில் ஓடி ஓடித் தேய்ந்த ஒரு சைனா பிளேயரும் கூடவே வந்தது. ஜெராக்ஸ் எடுத்த அட்டை, மங்கலான படம், பின்னால் எந்த நாட்டு எழுத்து என்றே தெரியாத குறிப்பு. குழந்தைகள் இல்லாத வீட்டுக்குக் கார்ட்டூன் எதற்கு என்று அம்மா கேட்டாள்.

குழந்தைகளுக்கான கார்ட்டூன் இல்லை அது. ஒரு ஓட்டை விண்கலம். பூமிக்குத் திரும்புகிற வழியைத் தொலைத்துவிட்டு அண்டவெளியில் அலைகிறது. அதன் கேப்டன் தொந்தி பெருத்தவன், எப்போது பார்த்தாலும் எதையாவது தின்றுகொண்டிருப்பான். வண்டியை ஓட்டுகிற நீல நிறத்துப் பெண் மேப்பைத் தலைகீழாகத்தான் பிடிப்பாள். இவர்களோடு ஒரு மெஷின். சதுரமான தகர டப்பா, ஒரே ஒரு கை. கலத்தின் கதவைத் திறப்பதும் மூடுவதும் மட்டும்தான் அதன் வேலை, ஆனால் உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் பற்றி அதற்கு ஒரு கருத்து உண்டு.

முதலில் போட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் டிஸ்க்கைப் போட்டதும் தட்டோடு எழுந்திருக்கப் பார்த்தார். அதற்குள் திரையில் ஒரு காட்சி வந்துவிட்டது. கதவுக்கு வெளியே வேற்றுக்கிரகத்து வண்டிகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நிற்கின்றன. எல்லாம் ஹாரன் அடிக்கின்றன. எட்டுக் கை உள்ளவன் எட்டுக் கையாலும் அடிக்கிறான். கதவு மெஷின் அசையவே இல்லை. ஒற்றைக் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏதோ சொல்கிறது.

"என்னம்மா சொல்லுது அது?" என்று அப்பா என்னைக் கேட்டார்.

பி.ஏ. இங்கிலீஷ் படிப்பதால் எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று வீட்டில் நம்பிக்கொண்டிருந்தார்கள். கீழே இங்கிலீஷில் எழுத்தும் ஓடியதால் தப்பித்தேன். "உள்ள இருக்கிற வண்டி போனாத்தான் கதவத் தெறப்பேன், நீ யாரா இருந்தா எனக்கென்னங்குதுப்பா."

அப்பா சிரித்தார். வாயில் சோறு இருந்தது, புரையேறிவிட்டது. அப்படியும் நிற்கவில்லை. சிரித்தது யார் என்று பார்க்க அம்மா அடுப்பை விட்டு எட்டிப் பார்த்தாள். "இங்கயும் ஹாரன் அடிக்கிறானுங்க பாரு" என்று அப்பா திரையைக் காட்டினார். எழுந்து போகப் பார்த்தவர் கை காய்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தார்.

அவருக்கு அது ஏன் அவ்வளவு பிடித்தது என்று பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். எத்தனை காலம் கழித்தும், எந்தக் கிரகத்துக்குப் போனாலும், ஒரு கதவு இருக்கும், நடுவில் நின்று ஒருத்தன் திட்டு வாங்குவான். தெரியாத பாஷைக்காரன் ஒருவனுக்கு இது தெரிந்திருக்கிறது, உட்கார்ந்து படம் வரைந்தும் வைத்திருக்கிறான். அப்பாவுக்கு அதில் ஒரு ஆறுதல் இருந்திருக்க வேண்டும். எனக்குப் பிடித்தது வேறு. அந்தக் கலத்தில் ஒரு பொருள்கூட ஒழுங்காக வேலை செய்யாது, எவரும் எவர் சொல்வதையும் கேட்க மாட்டார்கள், ஆனால் யாரும் யாரையும் விட்டுப் போகவும் மாட்டார்கள். எங்கள் வீட்டை விட அது நல்ல வீடாகத் தெரிந்தது.

கேபிளில் வந்திருந்தால் இது நடந்திருக்காது. கேபிள் யாருக்காகவும் நிற்காது. டிஸ்க் என்பதால் நிறுத்தலாம். ரிமோட் அண்ணன் கையில் இருக்கும். ஒரு பேச்சு முடிந்ததும் அவன் நிறுத்துவான், நான் அப்பாவுக்குச் சொல்வேன், அவர் சிரித்து முடித்ததும் மறுபடி ஓட்டுவான். அப்பா சிரித்து முடித்துவிட்டாரா என்று அவன் ஓரக்கண்ணால் பார்ப்பான். சில சமயம் அவர் கேட்காமலே பின்னால் ஓட்டி அந்த இடத்தை இன்னொரு தரம் காட்டுவான். அவ்வளவு நெருங்கி வந்தார்கள். அதற்கு மேல் ஒரு அங்குலம் நகரவில்லை. படம் முடிந்ததும் அவர் ஒரு பக்கம், இவன் ஒரு பக்கம்.

டிஸ்க்குகள் தீர்ந்துகொண்டே வந்தன. நடுநடுவே டிவி இரையும், நாங்கள் போனையே பார்ப்போம், பார்த்தால் எவனாவது சிநேகிதனாக இருக்கும். ஒரு சாயங்காலம் உண்மையாகவே ஏஜென்ட் பேசினார். அண்ணன் "சரிங்க, சரிங்க" என்று மட்டும் சொல்லி வைத்தான். என்னிடம் திரும்பி, "ஒரு வாரத்துல வந்துருமாம், சொல்லிரு" என்றான். அப்பா அங்கேயேதான் இருந்தார். "கேட்டுச்சுன்னு சொல்லு" என்றார் என்னிடம்.

எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அம்மா என்னைக் கொல்லைப்பக்கம் இழுத்துப் போய், "அவரு கோவக்காரரு, இவன் அழுத்தக்காரன். நீதானடி நடுவுல இருக்க, ஏதாவது பண்ணுடி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் ஏதாவது பண்ணினேன். கேப்டன் சாப்பாட்டு மேஜையில் நீலப் பெண்ணிடம் ஊறுகாய் பாட்டிலைத் தள்ளச் சொல்கிற இடம். அண்ணன் நிறுத்தினான். "நான் ஏதோ கோவத்துல சொல்லிட்டேன், அதையே மனசுல வெச்சுக்காதங்கிறாருப்பா" என்றேன். அப்பா தாடையைத் தடவினார். கீழே ஓடிய எழுத்தை அண்ணனும் படித்திருந்தான். டிப்ளமோ படித்தவனுக்கு ஊறுகாயும் பாட்டிலும் தெரியாதா? படம் முடிந்ததும் குழாயடியில் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"உள்ளத உள்ளபடி சொல்லு. இல்லன்னா எல்லா டிஸ்க்கையும் ஒடச்சுப் போட்டுருவேன்."

"ஒடச்சுத்தான் பாரேன்" என்றேன். அவன் உடைக்கவில்லை. அப்பா சிரிப்பதைப் பார்க்க அவனுக்கும் வேறு வழி கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மிச்சம் இருந்தது ஒரே டிஸ்க். அப்பா சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அண்ணன் நிலைப்படி ஓரமாக, எந்த நேரமும் எழுந்து போகிறவன் போல. அம்மா அடுப்படி வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கதை இதுதான்: விண்கலம் ஒரு பெரிய நட்சத்திர நிலையத்துக்கு வருகிறது. அங்கே தங்கக் கதவு இருக்கிறது. கதவு மெஷினுக்கு அங்கே பெரிய வேலை கிடைக்கிறது. போகிறது, ஆனால் கொஞ்ச நாளில் திரும்பி வந்துவிடுகிறது. தங்கக் கதவு தானாகவே திறந்து தானாகவே மூடிக்கொள்கிறது, சும்மா நிற்கப் பைத்தியம் பிடிக்கிறது, அதனால் வந்துவிட்டேன் என்கிறது. எழுத்தில் அப்படித்தான் இருந்தது. அண்ணன் நிறுத்தினான். திரையில் கேப்டன் வாய் நிறைய சேமியா மாதிரி ஏதோ தொங்க, அப்படியே உறைந்து நின்றான்.

"ஏன் திரும்பி வந்துச்சாம்?" என்றார் அப்பா.

நான் சொல்ல மாட்டேன் என்றுதான் சத்தியம் பண்ணியிருந்தேன். மெஷின் சொல்லாது என்று யாரும் யாருக்கும் சத்தியம் பண்ணவில்லை.

"அந்த வேலைய கேப்டன்தாம்ப்பா வாங்கிக் குடுத்தாரு. பெரிய அதிகாரி முன்னாடி நின்னு, கும்புட்டு."

"அவன் தின்னுகிட்டுல்ல இருக்கான்?"

"இது முன்னாடி நடந்ததுப்பா. மெஷின் இப்பதான் சொல்லுது."

அண்ணனின் கை ரிமோட்டை இறுக்குவது தெரிந்தது. ஓட்டிவிட்டால் என் பேச்சு நின்றுவிடும். நான் நிற்காமல் சொன்னேன்.

"அங்க அந்த அதிகாரி டெய்லி எல்லாரையும் கூட்டி வெச்சு, கேப்டன் கும்புட்டத நடிச்சுக் காட்டிச் சிரிச்சாராம். இதையும் சிரிக்கச் சொன்னாராம். இதுக்குச் சிரிக்க முடியலயாம். அதான் வந்துருச்சு. சொன்னா கேப்டன் மனசு ஒடஞ்சு போயிருவாருன்னு, புடிக்கலன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுச் சும்மா இருந்துருச்சாம்."

கீரை ஆய்கிற சத்தம் நின்றுவிட்டது. அம்மாவுக்கு முதலில் புரிந்துவிட்டது, அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அண்ணன் என்னை வெட்டிப்போடுகிற மாதிரி பார்த்தான். அப்பா திரையைப் பார்த்தார், சேமியா தொங்கும் கேப்டனை நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அண்ணனைப் பார்க்கவில்லை.

"அந்த மெஷினக் கேளு" என்றார். "கும்புட்டது யாரு கைன்னு கேளு."

நான் திரையைப் பார்த்தேன். அப்பா காத்துக்கொண்டிருந்தார்.

"உங்க கைதாம்ப்பா" என்றான் அண்ணன்.

அப்பா மெதுவாக அவன் பக்கம் திரும்பினார். "என் கை. எவன் நடிச்சாலும் என் கை, எவன் சிரிச்சாலும் என் கை. கேட்டுல நிக்கிறவன் கேக்காத பேச்சாடா? எனக்கு வலிக்கல. ஒனக்கு எதுக்கு வலிக்குது?"

"வலிச்சுச்சுப்பா."

இதோடு சரியாகிவிடும் என்று நினைத்தேன். அப்பாவுக்குக் கோபம்தான் வந்தது. எழுந்து நின்றுவிட்டார். "என் மானத்தக் காப்பாத்துறேன்னு வேலைய வுட்டுட்டு வந்த. இப்ப கடல் தாண்டிப் போற. மானத்த வெச்சுகிட்டு நான் என்னடா பண்றது? நீ இங்கயே இருந்துருப்பியேடா" என்று கத்தினார். துண்டை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். அண்ணன் பின்னாலேயே போனான். நானும் எழுந்தேன், அம்மா என் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள். அவர்கள் அங்கே என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. இடையில் நிற்க நான் தேவைப்படவில்லை, அது போதும் என்றிருந்தது.

நடு வாரத்தில் டிவி இரைந்தது. விசா வந்துவிட்டது, மறுநாள் காலை ரயிலைப் பிடிக்க வேண்டும். அவர்கள் பேச ஆரம்பித்து இரண்டொரு நாள்தான் ஆகியிருந்தது. அதிலும் பேசினதெல்லாம் பெட்டிக்குப் பூட்டு, அங்கே வெயில் எப்படி, பாஸ்போர்ட்டைச் சட்டைப்பையில் வைக்காதே, இவ்வளவுதான். போக வேண்டாம் என்று அப்பா சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. அண்ணனும் ஒருவேளை அதைத்தான் எதிர்பார்த்தானோ என்னவோ.

மறுநாள் அப்பாவுக்குப் பகல் டியூட்டி. மாற்று ஆள் காய்ச்சலில் படுத்துவிட்டார், ஸ்டேஷனுக்குப் போக வழியில்லை. அம்மா அண்ணனோடு ஸ்டேஷனுக்குப் போனாள். சென்னை போகிற வண்டி எங்கள் கேட்டைத் தாண்டித்தான் போகும் என்பதால் நான் அப்பாவோடு கேட்டுக்கு வந்துவிட்டேன். வண்டி அப்போதுதான் ஸ்டேஷனை விட்டுக் கிளம்பியிருக்கும், மெதுவாகத்தான் வரும், நன்றாகப் பார்த்துவிடலாம் என்று அண்ணனிடம் சொல்லியிருந்தேன். அவன் வாசற்படியில் நிற்பதாகச் சொல்லியிருந்தான்.

அப்பா கேட்டைச் சாத்திவிட்டுப் பச்சைக் கொடியோடு நின்றார். லாரிகள் வழக்கம்போல ஹாரன் அடித்தன. வண்டி வந்தது. அண்ணன் வாசற்படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான், எங்களைப் பார்த்ததும் ஒரு கையைத் தூக்கி "அப்பா" என்று கூப்பிட்டான். நான் கத்திக் கையை ஆட்டினேன். அப்பா கொடியைப் பிடித்தபடி குனிந்தே நின்றார். அவன் எதிரே வந்தபோதும் தலையைத் தூக்கவில்லை. அவன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். அவன் நின்ற பெட்டி தாண்டிப் போய்விட்டது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஒரு நிமிஷம் தலையைத் தூக்கினால் என்ன குடி முழுகிவிடும்? இவ்வளவு பாடுபட்டும் கடைசியில் இந்த மனுஷன் இப்படி நிற்கிறாரே என்று அழுகை முட்டியது. கடைசிப் பெட்டி போய், கார்டு கொடி காட்டிய பிறகுதான் அப்பா நிமிர்ந்தார்.

"வாசப்படியில நின்னானா?" என்று கேட்டார்.

"நின்னான். ஒங்களக் கூப்புட்டான். கை காட்டினான். நீங்க பாக்கவே இல்லப்பா."

அப்பா கொடியைச் சுருட்டினார். அதைச் சுருட்ட அவருக்கு நேரமெடுத்தது.

"சக்கரத்துல எங்கயாவது பொகை வருதா, எதுவும் தொங்குதான்னு கடைசிப் பொட்டி வரைக்கும் பாக்கணும்மா. எம்புள்ள போற வண்டியாச்சே. சக்கரத்தையே பாத்துகிட்டு இருந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கேட்டைத் திறக்கப் போனார்.